கம்பி ஓடிய வீடு

என் வீட்டுக்காரருக்குக் கள் பழக்கம் கிடையாது. சீட்டு கிடையாது. அடுத்த வீட்டு வாசலை எட்டிப் பார்க்கிற புத்தியும் கிடையாது. "உனக்கென்னம்மா, குடுத்து வச்சவ" என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வாரம் தவறாமல் சொல்லுவாள். அவள் புருஷன் கள்ளுக்கடையிலிருந்து யார் தோளிலாவது சாய்ந்துகொண்டு வருகிறவன். அவளிடம் போய் நான் என்னத்தைச் சொல்ல? கள் குடித்தவனுக்கு விடிந்தால் தெளிந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு ஏறியிருந்தது வயர்லெஸ் பித்து. அது விடிந்தாலும் தெளியாது, பொழுது சாய்ந்தாலும் தெளியாது.

லாபிஸ் ரயில் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டிப் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால் வருகிற ரப்பர் தோட்டம் அது. அவர் அங்கே சின்னக் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். குட்டைத் தூண்களின் மேல் நிற்கிற ஒரு பலகை வீடு எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். தகரக் கூரை, முன்னால் கூடம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் திறந்த வெளியில் சிமெண்டு போட்ட கழுவுகிற இடம், பக்கத்தில் தட்டி வைத்து மறைத்த குளிக்கிற இடம். வீடு மேட்டில், வேலையாட்களின் வரிசை வீடுகளான லயம் கீழே. நாங்கள் தும்மினால் அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் கருவாடு சுட்டால் எங்களுக்கு மணக்கும்.

நான் கல்யாணமாகி வந்த மறு வருஷம், சிங்கப்பூர் போய் வந்த யாரோ ஒரு மகாபாவி இவர் கையில் வயர்லெஸ் செய்வது எப்படி என்று ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்துவிட்டான். அன்றோடு என் குடித்தனம் என் கையை விட்டுப் போனது. கூரை முகட்டிலிருந்து எதிரே இருந்த டுரியான் மரத்துக்கு ஒரு கம்பி. அதிலிருந்து ஜன்னல் வழியாகக் கூடத்துக்கு ஒரு கம்பி. கூடத்திலிருந்து அடுப்படி வழியாகக் கொல்லைக்கு ஒரு கம்பி. ஈரப் புடவையை அந்த டுரியான் மரத்துக் கம்பியில் ஒரு நாள் உலர்த்திவிட்டேன். அதற்கு அவர் குதித்த குதி இருக்கிறதே, நான் என்னவோ சாமி சிலை மேல் துணி காயப்போட்ட மாதிரி.

சப்பாத்திக் கட்டையில் செம்புக் கம்பியைச் சுற்றினார். அதற்கப்புறம் அது சப்பாத்திக் கட்டை இல்லை, 'காயில்'. என் பவுடர் டப்பா போயிற்று. என் கொண்டை ஊசிகள் போயின. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுச் சாம்பிராணி போடப் போனால் டப்பா காலி. கம்பிக்கு ஈயம் பற்ற வைக்கப் பிசின் வேண்டுமாம், அது கிடைக்காத அவசரத்துக்குச் சாம்பிராணியைக் கரைத்துவிட்டார். ஈயக் கோலை என் அடுப்பில்தான் பழுக்கக் காய்ச்சுவார். அந்த நேரத்தில் குழம்புச் சட்டியை இறக்கித் தரையில் வைத்துவிட்டு நான் சும்மா கைகட்டி நிற்க வேண்டும். வயர்லெஸ் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கிற பாட்டரியில் திராவகம் இருந்தது. மின்சாரம் தீர்ந்துபோகும்போதெல்லாம் லாபிஸில் சீனர் சைக்கிள் கடைக்கு வண்டியில் அனுப்பி ஏற்றி வரவழைப்பார். திரும்பி வருகிற பாட்டரியிலிருந்து தெறித்த சொட்டில் என் நல்ல புடவைகள் சல்லடையாகின. கேட்டால், "பழைய புடவையைக் கட்டிக்கிட்டு கூட்ட வேண்டியதுதானே?" என்பார். கூடத்தைக் கூட்டுவதற்கு நான் போர்க்களத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு போக வேண்டும்!

சமையலுக்கும் நேரம் வைத்தார். பெட்டியில் பத்தேவியா ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் அம்மி அரைத்து முடித்துவிட வேண்டும். சைகோன் ஓய்ந்த பிறகுதான் தாளிக்கலாம். நடுவில் ஒரு கரண்டி கீழே விழுந்தால், "உஸ்!" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், மாடு விரட்டுகிறவன் கூட அப்படிச் சத்தம் கொடுக்கமாட்டான். சரி, அப்படி என்னதான் கேட்கிறது என்று ஒரு நாள் காது கொடுத்தேன். யாரோ ஒருத்தன் தொண்டையைச் செருமினான். அப்புறம் டச்சுக்காரப் பாஷையில் நீளமாக எதையோ சொன்னான். "என்ன சொல்றான்?" என்றேன். "யாருக்குத் தெரியும்? ஆனா எவ்வளவு தெளிவாச் சொல்றான் பாரு!" என்று பூரித்துப்போனார்.

இதையெல்லாம் நான் பொறுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று எழுத வேண்டும், சும்மா பொறுத்தேன் என்றால் பொய். நான் பொறுக்காத விஷயம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய், மத்தியானம் பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய ரப்பர் பிசுக்கோடு நேரே என் கொல்லைக்கு வருவாள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருந்தாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் முகத்துக்கு நேரே பேசுவாள். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள், இந்த மண்ணைத் தவிர வேறு மண் தெரியாது. ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி பாலை நிறுக்கும்போது தராசில் கை வைக்கிறான் என்று எல்லார் முன்னாலும் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதிலிருந்து கங்காணிக்கு அவளைக் கண்டால் ஆகாது.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. மரம் வெட்டுவதைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். வேலையில்லாதவர்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரைத் தள்ளுவது என்று கங்காணிகள் சாக்குத் தேடிக்கொண்டிருந்த நேரம்.

அப்போதுதான் என் தங்கைக்குப் பிரசவம் என்று நான் சிகாமட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து குளிக்கப் போனால், வெந்நீர்த் தவலையைக் காணோம். அம்மா சீராகக் கொடுத்த செம்புத் தவலை. நாகப்பட்டினத்தில் என்னோடு கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரயிலில் என் காலடியிலேயே வந்தது. கழுத்தில் அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பெயர் வெட்டாத பாத்திரத்தோடு எங்கள் பக்கத்தில் யாரும் பெண்ணை அனுப்பமாட்டார்கள். அது இருந்த அடுப்பில் இப்போது ஒரு மண்ணெண்ணெய் டின் உட்கார்ந்திருந்தது.

கூடத்துக்கு ஓடினேன். அவர் காதில் கேட்கும் குழாயை மாட்டிக்கொண்டு பெட்டியின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தவலை எங்கங்க?"

"எந்தத் தவலை?"

"நம்ம வீட்ல எத்தனை செம்புத் தவலை இருக்கு? குளிக்கிற இடத்துல இருந்ததுதான்."

தலையை நிமிர்த்தவில்லை. "நான் என்ன தவலைக்குக் காவலா? ஆபீசுக்குப் போறவன். வீட்டுக்கு வந்து போறது ஒருத்திதானே."

"அவ எடுக்கமாட்டா."

"அப்ப நான் எடுத்தேனா?" என்றார். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.

விருந்துக்கு வாங்கிப் போயிருப்பார்களோ என்று டிரெஸ்ஸர் வீட்டில் மட்டும் கேட்டேன். அவளிடம் சொன்னது கங்காணி காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? கங்காணி ஆபீசில் போய்ச் சின்னக் கிராணியைக் கேட்டிருக்கிறான். இவரும் அதே வாக்கியத்தை அங்கேயும் சொல்லியிருக்கிறார், 'வீட்டுக்கு வந்து போறது ஒருத்திதான்' என்று. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது. மறு நாள் விடியற்காலைப் பெரட்டில், எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், அவளை முன்னால் இழுத்து நிறுத்தினான். "நான் எடுக்கல. என் காம்பராவ வந்து பாருங்க" என்று அவள் சொல்லியிருக்கிறாள். பார்த்தார்கள். பாயையும் சட்டியையும் துணி மூட்டையையும் வாசலில் வீசிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவள் யோக்கியம் என்றா ஆயிற்று? லாபிஸில் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள் என்று ஆயிற்று. அன்றைக்கே வேலை இல்லை என்று துண்டுச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் அவள் வராததைப் பார்த்துத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. டிரெஸ்ஸர் மனைவி வேலியில் தொங்கிக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சாப்பிட வந்ததும் கேட்டேன்.

"யார் கேட்டு அவளை விரட்டுனாங்க? தவலை என்னோடது. நான் புகார் குடுத்தேனா?"

"அது கங்காணி சமாசாரம். நான் என்ன பண்றது?"

"ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தலாமே. கிராணிதானே நீங்க."

"விலை விழுந்து கிடக்கு. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு அவளை அனுப்பத்தான் போறாங்க" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

அடுத்த தோட்டத்துக் கங்காணிக்கும் அதற்கடுத்த தோட்டத்துக் கங்காணிக்கும் சொல்லியாகிவிட்டது. திருட்டுப் பட்டம் கட்டிய கையை எவன் வேலைக்கு வைப்பான்? அவள் லாபிஸில் ரயில்வே கூலி லயத்தில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பதாகவும், அடுத்த கப்பலுக்கு அவளையும் சேர்த்து அனுப்பப் போவதாகவும் பேச்சு வந்தது. ஊருக்கு! எந்த ஊருக்கு? அவளுக்கு அங்கே எந்த வாசலில் போய் நிற்பதென்று தெரியுமா?

வீட்டிலோ பெட்டி முன்னைவிட நன்றாகப் பாடியது. இப்போது காதுக் குழாயே வேண்டாம், பத்தேவியா அடுத்த அறையில் இருந்து பேசுகிற மாதிரி வந்தது. லண்டன் மணி அடித்தால் கூடத்துப் பலகை அதிரும். பெரிய கிராணி, பள்ளிக்கூட வாத்தியார், டிரெஸ்ஸர் எல்லாரும் சாயங்காலமானால் எங்கள் கூடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். நான் அவர்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்து, அந்தத் தம்ளர்களையும் நானே தேய்த்தேன்.

பிறகு மழை ஏமாற்றியது. பெட்டி கரகரக்க ஆரம்பித்தது. ஒரு நாள் அவர் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போய், குளிக்கிற இடத்துக்குப் பின்னால் கம்பி மண்ணுக்குள் இறங்குகிற இடத்தைக் காட்டினார்.

"இதுதான் எர்த்து. இங்க ஈரம் இருந்தாத்தான் ஸ்டேஷன் தெளிவா வரும். தினமும் ரெண்டு வாளி ஊத்தணும்."

"உள்ள என்ன இருக்கு?"

"செம்புத் தகடு. புத்தகத்துல போட்டிருக்கு."

ஊற்றினேன். வேறு என்ன செய்வது? கத்திரிச் செடிக்கு ஊற்றினாலும் நாலு காய் காய்க்கும், இது எனக்கு என்னத்தைக் காய்க்கப்போகிறது என்று திட்டிக்கொண்டே ஊற்றினேன். அவர் ஆபீசிலிருந்து வந்ததும் முதலில் அங்கே போய்க் காலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்காத மனுஷன்.

வாளித் தண்ணீர் விழுந்து விழுந்து மேல் மண் கரைந்தது. ஒரு நாள் சாயங்காலம், கூடத்தில் மூன்று பேரும் வந்து உட்கார்ந்து காப்பியும் குடித்தாகிவிட்டது, அன்றைக்கு மெதுவாக ஊற்ற மறந்துபோய் வாளியை அப்படியே சாய்த்துவிட்டேன். சேறு விலகியது. கம்பி சுற்றியிருந்த இடத்தில் வளைந்த விளிம்பு தெரிந்தது. தகட்டுக்கு எங்கிருந்து விளிம்பு வந்தது? விரலால் துடைத்தேன். புள்ளி புள்ளியாக எழுத்து. அம்மாவின் பெயர்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று பிற்பாடு பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் தோன்றவில்லை. சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்டினேன். தவலையின் வயிறு முழுக்க அடுப்புக்கரியைப் போட்டு நிரப்பியிருந்தார். என் கரி மூட்டை ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததென்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்கும் அங்கேயே பதில் கிடைத்தது. கம்பியைப் பிடித்து இழுத்தேன். கூடத்தில் பேசிக்கொண்டிருந்த வெள்ளைக்காரன் குரல் நடுங்கி, இழுபட்டு, ஊளையாக மாறியது.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று அவர் கொல்லைப்பக்கம் ஓடிவந்தார். என் கையில் மண்வெட்டியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். அப்போது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை, நான் சத்தியமாகச் சொல்கிறேன், இதுதான்: "தோண்டாத! லண்டன் வந்துக்கிட்டு இருக்கு!"

பின்னாலேயே மற்ற மூன்று பேரும் வந்து நின்றார்கள். நான் தவலையைப் புரட்டிக் கரியைக் கொட்டி, அவர்கள் காலடியில் வைத்தேன்.

"அலமாக்!" என்று மலாய்க்காரர் மாதிரி வாயைப் பிளந்தார் டிரெஸ்ஸர். பெரிய கிராணி இருமினார். குடும்ப விஷயம், நாம் எதற்கு என்று முனகிக்கொண்டே வாத்தியாரையும் டிரெஸ்ஸரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்கள் யாரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரட்டில் அவளை நிறுத்தியபோது பக்கத்தில் நின்றவர்கள்தான் எல்லாரும்.

அப்புறம் இவர் பேசினார். எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். நான் சிகாமட்டிலிருந்து வந்ததும் சொல்லலாம் என்றுதான் இருந்தாராம். நான் வந்த வேகத்தில் கேட்டதால் வாயில் வேறு ஏதோ வந்துவிட்டதாம். சாயங்காலம் சொல்லலாம் என்று பார்த்தால் ஸ்டேஷன் அவ்வளவு அருமையாக வந்ததாம், தோண்டி எடுக்க மனசு வரவில்லையாம். அதற்குள் கங்காணி பெரிதாக்கிவிட்டானாம்.

"இப்ப போய் நான்தான் எடுத்தேன்னா என் மரியாதை என்னாகும்? கூலியாளுங்க சிரிக்கமாட்டாங்களா?"

"அவளக் கப்பல் ஏத்தப் போறாங்க."

"கப்பல் வர நாளாகும். அதுக்குள்ள பாத்துக்கலாம்."

"நாளைக்குப் பெரட்டுல சொல்றீங்க. எல்லார் முன்னாடியும்."

"சரி சரி" என்றார். அந்த 'சரி' எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். ஓட்டைக் கூரையைச் சரி செய்கிறேன் என்று சொன்ன அதே 'சரி'.

விடியற்காலையில் பூனை மாதிரி எழுந்து, காப்பி கூடக் குடிக்காமல், லாந்தரை எடுத்துக்கொண்டு நழுவினார். நான் ஏற்கெனவே உடுத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். தவலையைக் கழுவவில்லை. மண்ணும் கரியும் ஒட்டினபடியே இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே மேட்டை விட்டு இறங்கினேன்.

கிராணி வீட்டுப் பெண்கள் பெரட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. லயத்து வழியாக நடந்து போனால்கூட மறு நாள் பேச்சு வரும். மங்கின வெளிச்சத்தில் ஆண்களும் பெண்களும் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை நாயோடு வந்திருந்தார். கங்காணி தலைப்பாகையோடு முன்னால் நின்றான். என்னைப் பார்த்ததும் வரிசை முழுக்கத் திரும்பியது. என் வீட்டுக்காரர் லாந்தரைத் தாழ்த்திக்கொண்டார்.

நான் தவலையைத் தரையில் வைத்தேன். குரல் நடுங்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன், ஆனால் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியதை அழுகை என்று சிலர் நினைத்திருக்கலாம்.

"இதுதான் காணாமப் போன தவலை. யாரும் திருடல. எங்க வீட்டுக் கொல்லையிலேயே பொதைச்சுக் கெடந்துச்சு. பொதைச்சது எங்க வீட்டுக்காரர். பெட்டிக்கு எர்த்து வேணும்னு பொதைச்சாரு. பொதைச்சத மறைச்சு அந்தப் பொம்பளை மேல பழி வர விட்டாரு. இந்தக் கங்காணி விசாரிக்காம வேலையப் பறிச்சாரு. அவ திருடி இல்ல. இத எல்லாரும் கேட்டுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் பயந்த அந்தச் சிரிப்பு வரவே இல்லை. பெண்கள் வரிசையில் ஒருத்தி காறித் துப்பினாள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகப் புரியும். கேட்டுக்கொண்டே இருந்தவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். இப்போது கிடைக்கும் பார் உனக்கு என்று நான் நினைத்தேன்.

"கிராணி! உன்கிட்ட வயர்லெஸ் இருக்கா? எத்தினி வால்வு?"

"மூணு, துரை" என்றார் இவர்.

"லண்டன் வருதா? என் செட்டுல சரியா வர்றதில்ல. எர்த்துக்கு நீ என்ன போட்ட, இந்தச் சட்டியா? வெரி குட்!"

அவ்வளவுதான். இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஏரியல் எவ்வளவு உயரம், கம்பி எங்கே வாங்கினாய், எந்த நேரத்தில் நன்றாக வருகிறது! இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் நிற்கிறார்கள், நடுவில் நான் நிற்கிறேன், என் அம்மாவின் பெயர் வெட்டிய தவலை நிற்கிறது, இவர்கள் ஸ்டேஷன் பேசுகிறார்கள்! நான் துரையின் முகத்துக்கு நேராகவே கேட்டேன்: "அந்தப் பொம்பளைக்கு என்ன பதில், துரை?"

"அவளா? வரச் சொல்லு. வேலை குடு, கங்காணி" என்றார், நாய்க்கு ரொட்டித் துண்டு போடுகிற மாதிரி. மறுபடியும் வால்வுக்குத் திரும்பிவிட்டார்.

கங்காணி ஆள் அனுப்புகிறேன் என்றான். அவன் அனுப்புகிற ஆள் போய்ச் சேருவதற்குள் கப்பல் போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கே ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன மாட்டு வண்டியில் நானும் ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்காரன், "அம்மா, ஐயாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான். "ஐயா லண்டன்ல இருக்காரு, நீ ஓட்டு" என்றேன்.

ரயில்வே லயத்தின் வாசலில் உட்கார்ந்து அவள் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தவலை கிடைத்தது, யார் புதைத்தது, பெரட்டில் போய்ச் சொன்னது, துரை வரச் சொன்னது. மூச்சு விடாமல் சொன்னேன். அவள் அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று ஏதோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவள் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "நீங்க சொன்னதும் எல்லாரும் நம்பிட்டாங்களா, அம்மா?"

"ஆமா. தவலையையே கொண்டுபோய் வச்சேனே."

"நானும் அதே எடத்துல நின்னு அதேதான் சொன்னேன். நான் எடுக்கலன்னு. காம்பராவுல இல்லன்னு பாத்துட்டும் ஒருத்தரும் நம்பல." கையைத் துடைத்துக்கொண்டாள். "வர்றேன். வேற எங்க போறது? ஆனா அந்தக் கங்காணிகிட்ட நிக்கமாட்டேன், வேற கங்காணி கணக்குல போடச் சொல்லுங்க. உங்க வீட்டுப் பாத்திரத்த இனிமே தொடமாட்டேன்."

"நான் ஒன்ன ஒரு நாளும் சந்தேகப்படலையே" என்றேன்.

"தெரியும். அதுக்காக இல்ல" என்றாள். மூட்டையைக் கட்ட உள்ளே போனாள். திரும்பி வருகிற வண்டியில் அவள் மூட்டையோடு ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் கேட்டபடி வேறு கங்காணியின் கீழ் போடச் செய்யும் வரை நான் ஆபீஸ் வாசலை விட்டு நகரவில்லை.

வீட்டுக்கு வந்தால் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. துரை பங்களாவிலிருந்து நல்ல செம்புத் தகடே வந்திருந்தது, பரிசு. புதைத்து, மண் மூடி, தண்ணீரும் ஊற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"வந்துட்டாளா? நல்லதாப் போச்சு. பாத்திரமெல்லாம் குமிஞ்சு கெடக்கு."

என் வாழ்க்கையில் அவரை நான் வெறுத்த நிமிஷம் ஒன்று உண்டென்றால் அதுதான். மண்ணைத் தோண்டியபோதுகூட அவ்வளவு இல்லை.

"அவ வரமாட்டா" என்றேன். "நீங்க கழுவுங்க."

சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார். நான் அந்தக் குவியலைத் தொடவில்லை. சட்டி இல்லாமல் சமைக்க முடியாது, தட்டு இல்லாமல் பரிமாற முடியாது, அதனால் அடுப்பையும் பற்ற வைக்கவில்லை. நான் வாழைப்பழம் தின்றேன். ராத்திரி பட்டினியாகப் பத்தேவியா கேட்டார். மறு நாள் காலையிலும் அடுப்பு எரியவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், கிராணி மரியாதை அதில் முதலாவது. மத்தியானம் ஆபீசிலிருந்து வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திரத்தை அள்ளினார்.

"அடுப்படிக்குள்ள வச்சுக் கழுவுறேனே" என்றார் மெல்ல. "இந்த நேரத்துல ஆளுங்க எல்லாம் திரும்புவாங்க."

"கழுவுற எடம் வெளிய இருக்கு. அவ அங்கதான் உக்காந்து கழுவினா."

உட்கார்ந்தார். முழங்கால் நோவது மாதிரி உட்கார்ந்தார். பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு ஆட்கள் கீழ்ப் பாதையில் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பார்த்தவர்கள் நடையைக் குறைத்தார்கள். இவர் தலையை நிமிர்த்தாமல் குழம்புச் சட்டியைத் தேய்த்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை.

கடைசியில் அவள் வந்தாள், காலி வாளியோடு. நேரே பாதையில் போயிருக்கலாம், போகாமல் நின்றாள். அவரைப் பார்த்தாள், கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தாள்.

"எண்ணிக் கவுத்துங்கய்யா" என்றாள். "ஒண்ணு கொறஞ்சாலும் கழுவுனவங்களத்தான் கேப்பாங்க."

சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் நடந்தாள். அவர் எண்ணினார்.